5000 வருஷம் என்று எழுத வேண்டாம்

வணக்கம் சார். மகளின் புராஜெக்டில் "ஆயுர்வேதம் 5000 ஆண்டு பழமை" என்று எழுதியதற்கு டீச்சர் ஆதாரம் கேட்டார் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதர்வ வேதத்தில் ஜுரத்துக்கு மந்திரமும் மூலிகையும் உண்டு, சரி. ஆனால் முறையான மருத்துவ நூல் என்றால் சரக சம்ஹிதை, சுமார் 2000 ஆண்டு. அதுவும் ஒருவர் எழுதியதல்ல. அக்னிவேசர் நூலைச் சரகர் திருத்தினார், விடுபட்ட அத்தியாயங்களைப் பின்னால் த்ருடபலர் நிரப்பினார்.

கண்ணில் காட்டும்படி ஏதாவது வேண்டுமா? 1890-ல் மத்திய ஆசியாவின் குச்சா பக்கம் கிடைத்த பவர் (Bower) சுவடி என்ற பழைய மருத்துவச் சுவடியைப் போடுங்கள். மரப்பட்டையில் எழுதியது, சுமார் 1500 ஆண்டுப் பழசு. ஆரம்பமே பூண்டு புராணம்தான்!

அப்புறம், அட்டையில் ஒட்டிய தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைப் படத்தை எடுத்துவிடுங்கள். அது தேசிய சித்த மருத்துவ நிறுவனம். சித்தம் தனி மரபு.