நியூட்ரலில் கை வைக்காதீர்கள், கிளாம்பை வையுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, மார்த்தாண்டத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். போன ஓணத்துக்கு முன்னால் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு முழுக்க எல்இடி போட்டோம். ஏசியெல்லாம் இன்வெர்ட்டர் ஏசி, லிப்டுக்கு டிரைவ். பில் குறைந்தது. ஆனால் பவர் ஃபேக்டருக்காக (இழுக்கும் கரண்ட் எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்கு) மாட்டிய கபாசிட்டர் இரண்டு முறை உப்பிவிட்டது. 30 கேவிஏஆர் (கபாசிட்டரின் அளவு) போதவில்லை என்று 45 ஆக்கினோம். அது இன்னும் சீக்கிரம் போனது. மெயின் போர்டில் நியூட்ரல் கேபிள் கை வைக்க முடியாத சூடு. எலக்ட்ரீஷியன் தம்பி அளந்து எழுதித் தந்தது: மூன்று பேஸில் ஆர் 82, ஒய் 78, பி 85, நியூட்ரல் 96 ஆம்பியர். மீட்டர் கோளாறா? தெருமுனை டிரான்ஸ்பார்மர் 100 கேவிஏ.
— ஜவுளிக்கடைக்காரர், மார்த்தாண்டம்

பதில்: மீட்டர் சரிதான். முதலில் அந்தக் கேபிளில் இனி யாரும் கை வைக்க வேண்டாம். தம்பி நியூட்ரலையும் அளந்தாரே, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். பாதிப்பேர் மூன்று பேஸையும் பார்த்து, பாலன்ஸ் ஆகியிருக்கிறது என்று போர்டை மூடிவிடுவார்கள்.

82, 78, 85 என்றால் ஏற்றத்தாழ்வினால் நியூட்ரலில் வரவேண்டியது 6 ஆம்பியர்தான். மீதி எங்கிருந்து வந்தது? எல்இடி டிரைவர் (பல்புக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்) மின்சாரத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. அலை உச்சிக்கு வரும்போது மட்டும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மற்ற நேரம் சும்மா இருக்கும். அப்படி மடக்கு மடக்காக இழுப்பதில் நம் சப்ளையின் 50 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 50 அலை) 150, 250, 350 ஹெர்ட்ஸ் கரண்டும் கலந்து ஓடுகிறது. இதைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறோம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் மூன்று பேஸிலும் முன்பின்னாக வருவதால் நியூட்ரலில் ஒன்றையொன்று தின்றுவிடும். 150 ஹெர்ட்ஸ் அப்படியில்லை. மூன்று பேஸிலும் ஒரே நேரத்தில் எழும்பி, நியூட்ரலில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். பேஸுக்கு 30 சொச்சம் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 96 ஆகிவிடாதா? கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் தம்பியின் கிளாம்ப் மீட்டரில் ஹெர்ட்ஸ் பட்டன் இருந்தால் நியூட்ரலில் மாட்டி அமுக்கச் சொல்லுங்கள். 50க்குப் பதில் 150 காட்டினால் சந்தேகம் தீர்ந்தது. பேஸ் அளவுகளுக்கு கோணல் அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் வேண்டும். மலிவான கிளாம்ப் இந்த மாதிரி லோடில் குறைத்துக் காட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். மெயின் கேபிள் மூன்றரை கோரா? நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் அதுதான். பேஸுக்கு 70 ஸ்கொயர் எம்எம் என்றால் நியூட்ரலுக்கு அதில் பாதி, 35. நியூட்ரலில் பெரிதாக ஒன்றும் ஓடாது என்று நம்பிய காலத்துக் கேபிள் அது. மூன்று பேஸை மட்டும் பார்க்கும் மூன்று போல் எம்சிசிபிக்கு (மெயின் பிரேக்கர்) நியூட்ரலில் என்ன ஓடுகிறதென்றே தெரியாது, அதனால் ட்ரிப் ஆகாது.

இதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கன்னியாகுமரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு லாட்ஜில் நேரில் பார்த்தேன். சீசன் நேரம், ராத்திரி ஒன்பது மணி. போர்டைத் திறந்ததும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். நியூட்ரல் கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கைச் சுற்றி இன்சுலேஷன் சுக்குக் காப்பி நிறத்தில் சுருண்டிருந்தது. போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி உப்புக்காற்று அரித்த அலுமினியம். பித்தளை வாஷரை விரலால் தள்ளினேன், ஆடியது. அந்த நியூட்ரல் விட்டுப்போன நேரத்தில் லோடு குறைவாக இருந்த பேஸில் வோல்டேஜ் 300ஐத் தாண்டி ஏறி, 11 அறைகளில் டிவி போய்விட்டது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய விஷயம். கடலோரத்தில் அலுமினியம் கேபிளைத் தாமிர பஸ்பாரில் (போர்டுக்குள் இருக்கும் தாமிரப் பட்டை) மாட்டும்போது, இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டாலிக் லக் கட்டாயம். வருடத்துக்கு ஒரு முறை சப்ளையை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள்.

சரி, கபாசிட்டர். ஹெர்ட்ஸ் ஏற ஏறக் கபாசிட்டரின் தடை குறையும். 250 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தில் ஒரு பங்குத் தடைதான் காட்டும், அதனால் அந்தக் கரண்ட் எல்லாம் அதற்குள் பாயும். போதாததற்கு டிரான்ஸ்பார்மரும் கபாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பிக்கும். வழக்கமான 4.5 சதவீத இம்பீடன்ஸ் (உள்தடை) உள்ள 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 45 கேவிஏஆர் முழுதாக நின்றால் அந்த இடம் ஏழாவது ஹார்மோனிக், அதாவது 350 ஹெர்ட்ஸ். லிப்ட் டிரைவ் தாராளமாகத் தருவதில் அதுவும் ஒன்று. 30ஐ 45 ஆக்கியதும் சீக்கிரம் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இனிக் கபாசிட்டர் வாங்கினால் 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டரோடு (கபாசிட்டரோடு வரிசையில் மாட்டும் காயில்) வாங்குங்கள். அது ஆடும் இடத்தை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். 250உம் அதற்கு மேலுள்ளதும் அந்த ஆட்டத்தைத் தூண்டாது. ரியாக்டர் போட்டால் கபாசிட்டர் முனையில் வோல்டேஜ் 415லிருந்து 446க்கு ஏறும். ஆகவே 440 வோல்ட் கபாசிட்டரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள், 480 அல்லது 525 கேளுங்கள். வாங்கும் முன்னால் உங்களுக்கு 45 தேவையா என்றும் பாருங்கள். எல்இடியும் இன்வெர்ட்டர் ஏசியும் வந்தபிறகு கபாசிட்டர் தேவைப்பட்ட பழைய டியூப்லைட் சோக்கு லோடு உங்களிடம் இல்லை. ஹார்மோனிக்ஸால் கெட்ட பவர் ஃபேக்டரைக் கபாசிட்டர் நேராக்காது.

ரியாக்டர் கபாசிட்டரைக் காக்கும், நியூட்ரலைக் காக்காது. நியூட்ரலுக்கு முதல் வேலை, பேஸ் அளவே நியூட்ரலும் உள்ள நாலு கோர் கேபிள். அப்புறம் ஒரு வாரம், ஹார்மோனிக்ஸைப் பதிவு செய்யும் பவர் அனலைசரை வாடகைக்கு எடுத்து மாட்டுங்கள். சனி, ஞாயிறு கூட்டமும் அதில் வரவேண்டும். அந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல் ஹார்மோனிக்ஸை எதிர்க் கரண்ட் விட்டு அடக்கும் ஆக்டிவ் பில்டர் விற்க வருகிறவரிடம் பேசவே வேண்டாம். பில்டர் தேவை என்று வந்தால் நாலு வயர் வகைதான் வேண்டும். மூன்று வயர் பில்டர் நியூட்ரலைத் தொடாது, பணம்தான் போகும். அடுத்த மாடிக்கு எல்இடி எடுக்கும்போது டிஎச்டி (மொத்த ஹார்மோனிக்ஸ் அளவு) 10 சதவீதத்துக்குக் கீழே என்று எழுத்தில் கேளுங்கள். பல்பு விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

கேள்வி: ஈபியில் ஒழுங்காக ஓடும் யுபிஎஸ், ஜெனரேட்டருக்கு மாறினால் பேட்டரிக்குப் போய்விடுகிறது. லைட்டும் மினுக்குகிறது. ஜெனரேட்டர் சிறியதா?
— ஆஸ்பத்திரி மேலாளர், தக்கலை

பதில்: கேவிஏ போதுமானதாக இருந்தாலும் இது வரும். ஈபி டிரான்ஸ்பார்மரைவிட ஜெனரேட்டருக்கு உள்தடை அதிகம். அதனால் அதே ஹார்மோனிக் கரண்ட் வோல்டேஜ் அலையையே கோணலாக்கும், யுபிஎஸ் அதைக் கெட்ட சப்ளை என்று தள்ளிவிடும். ஜெனரேட்டர் ஓடும்போது கபாசிட்டர் பேனல் தானாக ஆஃப் ஆகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆகவில்லையென்றால் அதைத் தானாக நிறுத்தும் ஒரு இன்டர்லாக் போடுங்கள். யுபிஎஸ் உள்வாங்கும் ஹெர்ட்ஸ் வரம்பைக் கொஞ்சம் விரித்துவைக்கச் சர்வீஸ்காரரிடம் சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் இடம், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் வீடு. முப்பந்தல் காற்றாலைகளால்தான் எங்கள் எல்இடி பல்புகள் அடிக்கடி போகின்றன என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகி

பதில்: காற்றாலையைச் சொல்லும் முன்னால் வீட்டு மீட்டர் பக்கம் நியூட்ரல் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லைட் எரியும்போது இன்னொன்று கூடுவதும் குறைவதுமாக இருந்தால் நியூட்ரல் லூஸ்தான். ராத்திரி லோடு குறைந்த நேரத்தில் வோல்டேஜ் அளந்து நாலு நாள் குறித்துவைத்து, ஏறியிருந்தால் அந்தத் தாளோடு ஈபி ஆபீசுக்குப் போங்கள்.