கலம் எப்படிச் சாகிறது, அழற்சி எப்படி எழுகிறது: கேள்வி பதில்

உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி: கலம் சாவது உடம்புக்குக் கேடுதானே?

எல்லாச் சாவும் அல்ல, தங்கச்சி. கருவில் விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வு, கலங்கள் தாமாகச் செத்துத்தான் மறைகிறது. சீ. எலிகன்ஸ் என்ற சிறு புழு வளரும்போது உண்டாகும் 1090 உடற்கலங்களில் 131 சாகின்றன, ஒவ்வொரு புழுவிலும் அதே கலங்கள்தான். 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு இந்த ஆய்வுகளுக்குக் கிடைத்தது. இந்தச் சாவுக்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர். கலம் சுருங்கித் துண்டாகும், ஆனால் மென்சவ்வு கிழியாது. பக்கத்துக் கலங்கள் துண்டுகளை விழுங்கிவிடுவதால் அழற்சி எழாது.

கொட்டாஞ்சேனை வாசகர்: மஞ்சள் மாத்திரை அழற்சியைக் குறைக்குமா?

ஆய்வுக்கூடத் தட்டில் குறைக்கிறது. வாயால் சாப்பிட்டால் மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள் மிகக் கொஞ்சமே இரத்தத்தில் சேரும். கறிக்குப் போடும் மஞ்சளில் பயமில்லை, ஆனால் செறிவான மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கால்நடை வைத்தியர், தெஹிவளை: நெக்ரொப்டோசிஸ் என்ற இன்னொரு வகைச் சாவில் கலம் வெடித்து அழற்சியைக் கிளப்புகிறது. நாய்க்கும் பூனைக்கும் அதற்கு வேண்டிய எம்எல்கேஎல் புரதமே இல்லை, நன்றாகத்தானே வாழ்கின்றன? அப்படியென்றால் இது தேவையற்ற பாதை அல்லவா?

நல்ல கேள்வி, டொக்டர், ஆனால் முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். டீஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞை வந்தால் காஸ்பேஸ்-8 என்ற நொதி கலத்தை அமைதியாகச் சாகடிக்கலாம். பல வைரஸ்கள் தாம் குடியிருக்கும் கலம் சாகக்கூடாது என்று அந்தக் காஸ்பேஸையே தடுத்துவிடும். அப்போதுதான் ரிப்கே3 என்ற இன்னொரு நொதி எழுந்து எம்எல்கேஎல்லை முடுக்குகிறது. அது மென்சவ்வைத் துளைக்க, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி நோயெதிர்ப்புக் கலங்களைக் கூப்பிடுகிறது. பூட்டிய முன்கதவுக்குப் பின்கதவு மாதிரி. ரிப்கே3 இல்லாத சுண்டெலிகள் வக்சீனியா வைரஸுக்குப் பலியாகின்றன என்று 2009இல் காட்டினார்கள். எலிகளின் சைட்டோமெகலோ வைரஸ் ரிப்கே3ஐ முடக்கவென்றே ஒரு புரதம் வைத்திருக்கிறது. பயனற்ற பாதையை அடைக்க வைரஸ் ஏன் மெனக்கெட வேண்டும்?

அதே வைத்தியர்: ஆனால் காஸ்பேஸ்-8 இல்லாத சுண்டெலி கருவிலேயே சாகிறதே. ரிப்கே3ஐயும் எடுத்தால் பிழைக்கிறது. ஆபத்து அந்தப் பாதையில்தானே?

ஆமாம், 2011இல் வந்த அந்த முடிவு எனக்கும் பிடித்தது. காஸ்பேஸ்-8 என்ற காவல் இல்லாத பாதை ஆபத்து என்பதை அது காட்டுகிறது, பாதை வீண் என்பதை அல்ல. நாய் பூனைக்கும் கஸ்டர்மின் என்ற புரதம் இடும் துளைகளால் கலம் வெடிக்கும் பைரொப்டோசிஸ் உண்டு. ஒரு வழி போனாலும் வேறு வழிகள் இருக்கின்றன.

வெள்ளவத்தை வாசகி: மஞ்சளோடு இஞ்சியும் சேர்த்தால்?

மேலே சொன்னேன், அக்கா. அதே பதில்தான்.

புறக்கோட்டை வாசகர்: பெருவிரலில் யூரிக் அமில வலி. இதுவும் கலச்சாவா?

யூரிக் அமிலப் பளிங்குகள் கலத்துக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டைத் தூண்டி, அழற்சியைக் கிளப்பும் ஐஎல்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியேற்ற வைக்கின்றன. 2006இல் தெரிந்தது. மருந்துக்கு உங்கள் டொக்டரைப் பாருங்கள், ஐயா.

மருதானை வாசகர்: அப்படியானால் அழற்சியை முழுக்க நிறுத்திவிடலாமே?

கூடாது! மாரடைப்பு வந்த 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஐஎல்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் என்ற மருந்து பரிசோதிக்கப்பட்டது, 2017இல் முடிவு வந்தது. இதயப் பாதிப்புகள் குறைந்தன, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின.

இன்னொன்று. டெங்கு சந்தேகம் இருந்தால் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக்கசிவு கூடும். பனடோல் போதும், அதுவும் அளவோடு. மிஞ்சினால் ஈரல் கலங்கள் சாகும்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: காய்ச்சலுக்கு டைக்ளோபெனாக்...

மேலே இருக்கிறது. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

அதே வைத்தியர்: சரி, ரிப்கே3ஐ எழுப்பும் ரிப்கே1 நொதியைத் தடுக்கும் மருந்து மனிதரில் என்ன ஆனது?

சொரியாசிஸ், முடக்குவாதம், பெருங்குடல் புண் மூன்றிலும் அப்படி ஒரு மருந்தைச் சோதித்தார்கள். தெளிவான பலன் வரவில்லை. சுண்டெலியில் வேலை செய்த தடுப்பு மனிதக் குடலில் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் நான் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கும் கேள்வி. நாய்த் திசு உங்களிடம் இருந்தால் பேசுவோம், டொக்டர்.