ஸ்பானிஷ் கத்துக்கணுமா, கேளுங்க: பெரம்பூர் அக்கா பதில்

நான் பெரம்பூர். ஸ்பானிஷ் கஸ்டமர் சப்போர்ட்ல வேலை, மெக்சிகோ, கொலம்பியா, ஸ்பெயின்னு எல்லா ஊர் காலும் எடுப்பேன், மெக்சிகோ சிட்டியும் மாட்ரிட்டும் சுத்திட்டு வந்திருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் ஃப்ரீ, ஸ்பானிஷ் பத்தி எது வேணாலும் கேளுங்க. விசா, டிக்கெட், லோன் மட்டும் வேணாம், அது என் ஏரியா இல்ல.

கொருக்குப்பேட்டை தம்பி: அக்கா எனக்கு இங்கிலீஷே தடுமாறும், ஸ்பானிஷ்லாம் வருமா?

வரும்பா. இங்கிலீஷ நடுவுல இழுக்காம இருந்தா இன்னும் சீக்கிரம் வரும். நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான், தமிழ்லருந்து நேரா ஸ்பானிஷுக்கு போங்க. 'போறேன்'னு சொன்னாலே யார் போறதுன்னு தெரிஞ்சிடுது, 'நான்' தேவையில்ல, அங்கயும் 'வோய்'னா போறேன், முடிஞ்சிது. 'யோ'ன்னா நான், வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ, யோ'ன்னு போட்டு பேசறவங்க இங்கிலீஷ் வழியா வந்தவங்க, கேட்டவுடனே தெரியும். 'எனக்கு காபி பிடிக்கும்' எப்படி? 'மே குஸ்தா எல் கஃபே'. 'மே'ன்னா எனக்கு. இங்கிலீஷ்காரங்க இந்த எடத்துல மண்டைய ஒடச்சிப்பாங்க, நாம பொறந்ததுலருந்து இப்படிதான் பேசறோம். 'எனக்கு தலை வலிக்குது' – 'மே துவேலே லா கபேசா'. 'எனக்கு தோணுது' – 'மே பரேசே'. நீ, நீங்கன்னு ரெண்டு இருக்குல்ல, அங்க 'தூ', 'உஸ்தெத்'.

அப்புறம் எல்லாரும் பயப்படற செர், எஸ்தார். இங்கிலீஷ் 'is' மாதிரி வர்ற ஒரே வேலைக்கு அங்க ரெண்டு வினை. 'அவர் டாக்டர்'னு சொல்றப்ப நாம 'இருக்கார்' போடறதில்ல, அங்க செர் வரும், 'எஸ் மெதிகோ'. 'அவர் வீட்ல இருக்கார்', இங்க எஸ்தார், 'எஸ்தா என் காசா'. 'நல்லா இருக்கேன்' – 'எஸ்தோய் பியென்'. எல்லா எடத்துலயும் இது ஒட்டாது, 'அவ அழகா இருக்கா'வுக்கு ரெண்டுமே வரும், செர் போட்டா அவ அழகி, எஸ்தார் போட்டா இன்னிக்கு ஷோக்கா இருக்கா. ஆனா மொத ஆறு மாசத்துக்கு இந்த கணக்கு உன்ன காப்பாத்தும்.

தமிழ் நம்மள கவுக்கற எடமும் இருக்கு. 'எனக்கு வேணும்' அங்க 'கியெரோ', 'எனக்கு' வராது. பசிக்குதுன்னா 'தெங்கோ ஆம்ப்ரே', பசிய வச்சிருக்கேன்ங்கற மாதிரி சொல்லணும். முக்கியமா, நம்ம ஊர்ல மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண் பெண் கெடையாது, அங்க எல்லாத்துக்கும் உண்டு. அதனால வார்த்தைய தனியா மனப்பாடம் பண்ணவே பண்ணாத, முன்னாடி எல், லா சேத்தே படி, ஆணுக்கு எல், பெண்ணுக்கு லா. 'லா மேசா' மேசை, 'எல் லிப்ரோ' புக்கு, 'லா மானோ' கை, 'எல் ப்ரோப்ளேமா' பிரச்சினை. கடைசி ரெண்டையும் பாரு, ஓ-ல முடிஞ்சா ஆண், ஆ-ல முடிஞ்சா பெண்ணுன்னு நம்பினா அங்கயே காலி.

வியாசர்பாடி கோல்கீப்பர்: அக்கா, நைட்டு முழிச்சு ஸ்பெயின் ஃபுட்பால் லீக் லா லிகா பாக்கறேன். அதுலயே மொழி கத்துக்க முடியுமா?

தாராளமா, ஆனா இங்கிலீஷ் கமென்ட்ரி வச்சிக்கினு இல்ல. ஸ்பானிஷ் ரேடியோ கமென்ட்ரி கேளு, டிவி வேணாம், ஏன்னா டிவியில படம் தெரியறதால பாதி நேரம் சும்மா இருப்பாங்க, ரேடியோவுல பந்து எங்க இருக்கு யார்கிட்ட இருக்குன்னு ஒரு செகண்ட் விடாம சொல்லியே ஆகணும். ஒரே நூறு வார்த்தை ஒவ்வொரு மேட்ச்லயும் திரும்ப வரும். நிமிஷம், ஸ்கோர், இடது, வலது, அடிச்சான், தடுத்தான், வெளிய போச்சு. ஆட்டம் உனக்கு தெரியும், அதனால அர்த்தத்த நீயே புடிச்சிடுவ, டிக்‌ஷனரி தேவைப்படாது. உன் பொசிஷனுக்கு ஸ்பெயின்ல 'போர்தெரோ', அர்ஜென்டினாவுல 'ஆர்கெரோ'.

ஒரு பயிற்சி சொல்றேன். 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி அஸ்தெகா ஸ்டேடியம், அர்ஜென்டினா இங்கிலாந்து குவார்ட்டர் ஃபைனல். மாரடோனா தன் பாதியிலருந்து எடுத்துட்டு போய் போட்ட ரெண்டாவது கோல். வீடியோ நூறு தடவ பாத்திருப்ப, விக்தோர் ஹூகோ மொராலேஸ்ங்கற உருகுவேகாரர் ரேடியோவுல சொன்னத கேட்டிருக்கியா? மொதல்ல பேர் பேரா சொல்லிட்டே வருவார், அப்புறம் குரல் ஏறும், கோல் விழுந்ததும் அழுவார், அழுதுகினே 'பர்ரிலேதே கோஸ்மிகோ, தே கே ப்ளானேதா வினிஸ்தே'ன்னு கத்துவார். பர்ரிலேதேன்னா காத்தாடி. அண்டத்து காத்தாடியே, எந்த கிரகத்துலருந்துடா வந்தன்னு கேக்கறார். 'வினிஸ்தே' – வந்த. 'நீ'ங்கற வார்த்தை அங்க இல்ல பாரு. அந்த கோல் ஆடியோவ துண்டு துண்டா நிறுத்தி, காதுல விழறத தமிழ் எழுத்துல எழுது, அதே வேகத்துல சத்தமா சொல்லு. கிரவுண்ட்ல பசங்களோட கத்து. நாக்கு பழகற மாதிரி எந்த புக்கும் பழக்காது.

பழைய வண்ணாரப்பேட்டை: டூயோலிங்கோல தினமும் பண்றேன், ஸ்ட்ரீக் ஓடுது. போதுமா?

போதாது. வார்த்தை பழக ஆப் ஓகே. அதுல நீங்க விரலால தட்டறீங்க, வாய் தொறக்கல. தெனம் பத்து நிமிஷம் ஆப்னா இருபது நிமிஷம் சத்தமா பேசுங்க, செவுத்த பாத்து பேசினாலும் சரி.

ஓட்டேரி: மணி ஹெய்ஸ்ட் தமிழ்லயே ரெண்டு வாட்டி முடிச்சிட்டேன், அதுலருந்து ஸ்பானிஷ் வருமா?

தமிழ் டப்பிங் பாத்தா கதை வரும், மொழி எப்படி வரும்? கதை தெரிஞ்சது நல்லதுதான், இப்ப மூணாவது வாட்டி ஸ்பானிஷ் ஆடியோ, ஸ்பானிஷ் சப்டைட்டில் போட்டு பாருங்க. தமிழ் சப்டைட்டிலும் வேணாம் இங்கிலீஷும் வேணாம், கண்ணு அங்க போனா காது அடைச்சிக்கும். இன்னொண்ணு, கொரியன் சீரியல ஸ்பானிஷ் டப்பிங்ல பாக்காதீங்க, டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் தனித்தனியா எழுதறதால ரெண்டும் ஒத்துப்போகாது, குழம்பிடுவீங்க. ஸ்பானிஷ்லயே எடுத்தத பாருங்க. மணி ஹெய்ஸ்ட் ஸ்பெயின்ல எடுத்தது, 2017ல அங்க டிவியில ஆரம்பிச்சது, அதனால முழுக்க ஸ்பெயின் பேச்சு, கெட்ட வார்த்தையும் ஜாஸ்தி, ஆபீஸ்ல எடுத்து விடாதீங்க.

திருவொற்றியூர்: ஸ்பெயின் விசா எவ்ளோ நாள்ல வரும்?

மேல சொல்லிட்டேன் அண்ணா. விசா சென்டர் சைட்ட பாருங்க.

ராயபுரம் ஆன்ட்டி: நான் வருஷா வருஷம் ஆகஸ்ட்ல வேளாங்கண்ணிக்கு நடந்து போறவ. ஸ்பெயின்லயும் நடைபயணம் இருக்காமே, பையன் கூட்டிட்டு போறேங்கறான். மொழி தெரியாம சமாளிக்க முடியுமா?

ஆன்ட்டி, இந்த கேள்விக்காகவே நான் உக்காந்திருக்கலாம். காமினோ தெ சந்தியாகோ, புனித யாகப்பர் கல்லறை இருக்கற சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா கோயிலுக்கு போற வழி. பெரிய வழி பிரான்ஸ் எல்லைகிட்டருந்து 750 கிலோமீட்டருக்கு மேல, அது வேணாம். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அதனால நெறைய பேர் சாரியாங்கற ஊர்லருந்து கெளம்புவாங்க. கையில 'க்ரெதென்சியால்'னு ஒரு அட்டை, போற வழியில கோயில், காபி கடை, தங்கற எடம் எல்லாத்துலயும் சீல் வாங்கிட்டே போகணும். நம்ம ஊர் மாதிரி பந்தல் போட்டு சாப்பாடு போடுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க, 'அல்பெர்கே'ன்னு விடுதி, மேல கீழ அடுக்கு கட்டில், ராத்திரி பத்துக்கு பெரும்பாலும் லைட் ஆஃப்.

உங்களுக்கு வேண்டிய ஸ்பானிஷ் கொஞ்சம்தான். 'தியெனே காமா பாரா எஸ்தா நோச்சே?' – இன்னிக்கு ராத்திரிக்கு கட்டில் இருக்கா. 'மே துவேலே எல் பியே' – எனக்கு கால் வலிக்குது. பச்சை சிலுவை போர்டு போட்ட 'ஃபர்மாசியா'வுல போய் கால காட்டி 'அம்போயா'ன்னு சொன்னா கொப்புளத்துக்கு பிளாஸ்டர் குடுப்பாங்க. சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம், மதிய சாப்பாடு ரெண்டு மணிக்கு மேலதான், ராத்திரி எட்டரை ஒம்போதுக்கு முன்னாடி பெரிய ஓட்டல்ல பெரும்பாலும் கிச்சனே தொறக்காது. மதியம் 'மெனு தெல் தியா' கேளுங்க, ரெண்டு அயிட்டம், ஸ்வீட், குடிக்க ஏதாவது, ஒரே ரேட்டுல வரும். வழியில யார பாத்தாலும் 'புவென் காமினோ' சொல்லுங்க, அவங்களும் சொல்லுவாங்க. வேளாங்கண்ணி வரைக்கும் நடக்கற உங்களுக்கு தூரம் ஒரு விஷயமே இல்ல, போயிட்டு வாங்க ஆன்ட்டி.

மூலக்கடை: எத்தன மாசத்துல சரளமா பேசலாம்?

அமெரிக்க வெளியுறவு துறை அவங்க ஆளுங்களுக்கு ஸ்பானிஷுக்கு 30 வாரம் ஒதுக்குது, அதுவும் வேலையே அதுதாங்கற மாதிரி முழு நேரம். நீங்க வேலைக்கு போயிட்டு வந்து படிக்கறீங்க. தெனம் ஒரு மணி நேரம்னா ரெண்டு வருஷம் வச்சிக்கங்க.

தண்டையார்பேட்டை: எங்க க்ளாஸ்ல மாட்ரிட் ஸ்பானிஷ்தான் சுத்தம், மெக்சிகோ அர்ஜென்டினாலாம் கொச்சை, அத கேட்டா நாக்கு கெட்டுடும்னு சொன்னாங்களே?

இத சொன்னவங்கள கேக்கணும், மெக்சிகோவுல 13 கோடி பேர் இருக்காங்க, ஸ்பெயின்ல 5 கோடி கூட இல்ல, அப்ப அந்த மொழி யாருது? ஸ்பெயின்ல பெரும்பாலும் 'க்ராத்தியாஸ்'னு நாக்க பல்லுக்கு நடுவுல வச்சி சொல்லுவாங்க, அமெரிக்கா கண்டம் முழுக்க 'க்ராசியாஸ்'. அது கெட்டுப்போனது இல்ல. கப்பல் ஏறினவங்கள்ல நெறைய பேர் தெக்கு ஸ்பெயின் அந்தலூசியா ஆளுங்க, செவில்லேலருந்துதான் கெளம்பினாங்க, அவங்க பேச்சு அப்படி, கேனரி தீவுல இன்னிக்கும் அப்படிதான். நம்ம பேச்ச கேட்டு லோக்கல்னு மூஞ்ச சுளிக்கறவங்கள பாத்து பாத்து வளந்தவ நான், வடசென்னைல பொறந்துட்டு இன்னொருத்தர் பேச்ச கொச்சைன்னு சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கும் வரக்கூடாது. காப்ரியேலா மிஸ்த்ரால் சிலி, 1945 நோபல். கார்சியா மார்க்கேஸ் கொலம்பியா, 1982 நோபல். இவங்க எழுதினது கொச்சையா?

தண்டையார்பேட்டை, மறுபடியும்: ஸ்பானிஷ் மொழிக்கான அகாடமி மாட்ரிட்லதான இருக்கு? அவங்க சொல்றதுதான ரூல்?

1713ல ஆரம்பிச்ச அகாடமி மாட்ரிட்ல, சரி. ஆனா 1951லருந்து எல்லா நாட்டு அகாடமிக்கும் ஒரு கூட்டமைப்பு இருக்கு, இப்ப 23, அதுல பிலிப்பைன்ஸும் அமெரிக்காவும் கூட உண்டு. இலக்கண புக்கும் டிக்‌ஷனரியும் சேந்துதான் போடறாங்க.

எண்ணூர்: அர்ஜென்டினாவுல 'தூ'வுக்கு பதிலா 'வோஸ்'னு சொல்றாங்களே, அதாவது தப்புதான?

தப்பில்ல. 'வோஸ்' ஸ்பெயின்லயே ஒரு காலத்துல மரியாதையா பொழங்கினது. ஸ்பெயின்ல செத்துப்போச்சு, அர்ஜென்டினாவுல உயிரோட இருக்கு. மெஸ்ஸி அப்படிதான் பேசறார்.

மாதவரம்: கொலம்பியாவுலதான் பெஸ்ட் ஸ்பானிஷ்னு யூட்யூப்ல சொல்றாங்க...

பொகோதாவுல பேசறது புதுசா கேக்கறவங்களுக்கு தெளிவா இருக்கும், அவ்ளோதான். பெஸ்ட்னு ஒண்ணு கெடையாது. ஒரு ஊர் ஆளுங்கள புடிச்சிக்கங்க, ஒரு வருஷம் அவங்கள மாதிரியே பேசுங்க, மத்த ஊர் பேச்சு தானா புரியும். இந்த சண்டைய இதோட நிறுத்திக்கலாம், மத்தவங்க காத்துக்கினு இருக்காங்க.

கொளத்தூர்: மூணு மாசத்துல பேச முடியுமா?

மூலக்கடைக்கு சொன்னத படிங்க.

புளியந்தோப்பு: பொண்ணுக்கு ஆறு வயசு, எதுலருந்து ஆரம்பிக்கலாம்?

போகோயோ கார்ட்டூன். ஸ்பெயின்ல எடுத்தது, ஒரு எபிசோட் ஏழு நிமிஷம், கதை சொல்றவர் நிதானமா பேசுவார். ஸ்பானிஷ்ல போடுங்க, நீங்களும் கூட உக்காருங்க. பெரியவங்க யூட்யூப்ல டிரீமிங் ஸ்பானிஷ் பாக்கலாம், படம் வரைஞ்சு கை காட்டி மெதுவா பேசுவாங்க, மொழிபெயர்ப்பு இருக்காது.

கொடுங்கையூர்: எந்த ஆப் பெஸ்ட்?

வாய் தொறங்க. ஆப் எதுவா இருந்தா என்ன?

வியாசர்பாடி கோல்கீப்பர்: 'பெரோ', 'பெர்ரோ' ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி வருது அக்கா.

மொதல்து 'ஆனா', ரெண்டாவது நாய், மாத்தி சொன்னா மாட்டிப்ப. சின்ன வயசுல வண்டி ஓட்டற மாதிரி 'ட்ர்ர்ர்'னு பண்ணுவோம்ல, அந்த ஒதறல்தான். 'ட்'-அ விட்டுட்டு மிச்சத்த புடி. வார்த்தை ஆரம்பத்துல ர வந்தாலும் ஒதறணும். த, ப, க எல்லாம் நமக்கு சுத்தமா வரும், இங்கிலீஷ்காரங்க மாதிரி காத்த ஊத வேணாம்.

வில்லிவாக்கம் தங்கச்சி: அக்கா உங்க மாதிரி வேலைக்கு என்ன சர்டிஃபிகேட் வேணும்?

டெலேங்கற ஸ்பானிஷ் பரீட்சை. ஸ்பெயின் அரசோட இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ் நடத்தறது, டெல்லியில அவங்க சென்டர் இருக்கு, ஆரம்ப லெவல் ஏ1லருந்து உச்சம் சி2 வரைக்கும், பாஸ் பண்ணா வாழ்நாள் முழுக்க செல்லும். சியெலேன்னு இன்னொண்ணு, அது அஞ்சு வருஷம்தான். பேசற வேலைக்கு பி2 லெவலுக்கு குறி வை. ஆனா பேப்பர் கூப்பிடத்தான் உதவும், இன்டர்வியூல போன்ல பேச வச்சி பாப்பாங்க. போன் எடுக்கறதே ஊருக்கு ஊர் வேற, மெக்சிகோல 'புவெனோ', ஸ்பெயின்ல 'திகா', கொலம்பியாவுல 'அலோ'. நீ சொன்னது காதுல விழலன்னா மெக்சிகோக்காரங்க 'மாந்தே?'ன்னு கேப்பாங்க, அது மரியாதை, கோவம்னு நெனைச்சி பதறாத.

நெறைய பேர் விழற எடம் நம்பர். கஸ்டமர் போன் நம்பர கடகடன்னு ரெண்டு ரெண்டா சொல்லுவாங்க, 'செசென்தா' அறுபது, 'செதென்தா' எழுபது, லைன் கொரகொரன்னா ரெண்டும் ஒண்ணுதான். பேசின் பிரிட்ஜ் சிக்னல்ல பஸ் நிக்கறப்ப முன்னாடி நிக்கற வண்டி நம்பர் ப்ளேட்ட எல்லாம் ஸ்பானிஷ்ல படி, ரெண்டு ரெண்டு நம்பரா, சத்தமா. அறுபதும் எழுபதும் தடுமாறாம வர ஆரம்பிச்சதும் அப்ளிகேஷன் போடு.