பரண் வாளின் பழைய சொந்தக்காரர்

திருவையாறு வீட்டுப் பரணில் கிடைத்த வாள் தஞ்சை மராட்டிய மன்னர்களுடையதா என்று கேட்டிருந்தீர்கள். கைப்பிடிக் காப்பில் கிரீடமும் ‘வி.ஆர்.’ (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி) எழுத்தும் இருக்கிறது என்றால், அது விக்டோரியா ராணி காலத்து (1837–1901) ஆங்கிலேய அதிகாரியின் வாள். ஏமாற்றம்தான், ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க இதுவே வசதி.

அந்த அதிகாரிகள் வாளைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அதனால் அலகில் பெயரின் முதலெழுத்துகளோ குடும்பச் சின்னமோ பொறித்திருக்கலாம். அலகின் மழுங்கிய முதுகுப் பக்கத்தில், பிடியை ஒட்டி, எண் இருக்கிறதா பாருங்கள். செய்தது லண்டன் வாள் கம்பெனியான வில்கின்சன் என்றால் அந்த எண் தங்கம் மாதிரி. 1854 முதல் அவர்கள் வைத்த பதிவேடுகளில் விற்ற தேதியும், பல சமயம் வாங்கியவர் பெயரும் உண்டு. பெயர் கிடைத்தால், அக்கால ராணுவ அதிகாரிகள் பட்டியலில் படைப்பிரிவைத் தேடலாம்.

எண் மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேயுங்கள். அப்புறம், ஆயுத பூஜைக்குப் பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பொறிப்பே போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.