டேலி எழுதியவர் நின்றுவிட்டார், நானே கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். பல வருடமாக டேலியில் கணக்கு எழுதியவர் போன மாதத்தோடு நின்றுவிட்டார். எனக்கு 46 வயது, பிளஸ் டூ படித்தவள். பில் அடிக்க மட்டும் தெரியும். ஒரு சென்டரில் மூன்று மாதக் கோர்ஸுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். யூடியூப் பார்த்தாலே போதும் என்கிறான் மகன். எதையாவது தப்பாக அழுத்தி, இருக்கிற கணக்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கற்கலாம். கோர்ஸுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஆனால் கீபோர்டில் கை வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நின்றுபோனவர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசும் நிலையில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

கடையின் சாவிகளை அவரிடமிருந்து வாங்க வேண்டும். டேலி லைசென்ஸின் சீரியல் நம்பர், அது எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது, கம்பெனியைத் திறக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு, ஜிஎஸ்டி போர்ட்டல் ஐடி, இ-வே பில் ஐடி. கம்பெனி பட்டியலில் உங்கள் கடையின் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் டேலி வால்ட் பூட்டு போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் டேலி நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. அதை முதலில் கேளுங்கள்.

ஜிஎஸ்டி போர்ட்டலில் யாருடைய மொபைல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். எத்தனையோ கடைகளில் முதலாளியின் நம்பர் இருக்காது, ரிட்டர்ன் போடுபவரின் நம்பர்தான் இருக்கும். ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். நாளைக்கு அவர் போனை எடுக்காவிட்டால் நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். மாற்றுவதற்கான வழி: சர்வீசஸ், அதில் ரெஜிஸ்ட்ரேஷன், அதில் 'அமெண்ட்மென்ட் ஆஃப் ரெஜிஸ்ட்ரேஷன் நான்-கோர் ஃபீல்ட்ஸ்', அதற்குள் ஆதரைஸ்டு சிக்னேட்டரி. வெறும் போன் நம்பரை மாற்ற இத்தனை படி இறங்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் யாரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் இதைப் புதைத்து வைத்திருப்பதால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். பழைய நம்பர் கைக்கு எட்டாமல் போயிருந்தால் உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் பதிவுச் சான்றும் அடையாள அட்டையும் கொண்டுபோய் எழுதிக் கொடுங்கள். அவரால் மாற்றித் தர முடியும். அதற்கென்று யாருக்கும் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

இனி, கணக்கு போய்விடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். நியாயமான பயம்தான், தீர்க்கவும் எளிது. டேலியைத் திறந்து ஆல்ட்டையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப். பென் டிரைவில் அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் எடுங்கள். வாரம் ஒரு ஃபோல்டர். ஒரே ஃபோல்டரில் திரும்பத் திரும்ப எடுத்தால், சில வெர்ஷன்களில் பழையதன் மேல் புதியது ஏறிவிடலாம். பக்கத்திலேயே இருக்கும் ரீஸ்டோரைத் தொடாதீர்கள். நடப்புக் கணக்கு இருக்கும் இடத்திலேயே பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் இடைப்பட்ட நாட்களின் பதிவுகள் அழியும். "தப்பாக எதையோ அழுத்திவிட்டேன்" என்று வருபவர்களில் பலர் அழுத்தியது இதைத்தான்.

அடுத்து, ஆல்ட்டும் கே-யும் அழுத்தி கிரியேட் கொடுத்து, பயிற்சிக்கென்று தனியாக ஒரு கம்பெனி திறங்கள். ட்ரையல் என்று பெயரிலேயே தெரியட்டும். லைசென்ஸ் இருப்பதால் எந்தத் தேதிக்கும் பதிவு போடலாம். மகனின் லேப்டாப்பில் லைசென்ஸ் இல்லாத எஜுகேஷனல் மோடில் பழகினால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு ஏறும். அது பழுதல்ல, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ரிட்டர்ன் போட்டு முடிந்த பழைய மாதம் ஒன்றிலிருந்து ஐந்து நாள் பில்களை எடுங்கள். அவற்றைப் பயிற்சிக் கம்பெனியில் ஏற்றுங்கள். முடித்ததும் ஆல்ட்டும் ஜி-யும் அழுத்தி 'டே புக்' என்று தட்டுங்கள், அன்றன்றைய பதிவுகளின் பட்டியல் வரும். உங்கள் டே புக்கையும், அதே தேதிக்குப் பழையவர் எழுதிய டே புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தம் ஒத்துவரவில்லையா, எந்த பில் என்று தேடுங்கள். எந்த சென்டரும் தராத விடைத்தாள் உங்கள் கடையிலேயே இருக்கிறது. புது மென்பொருளை மனிதர்கள் இப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஐபிஎம்மில் ஆராய்ந்த ஜான் கரோல், புதியவர்கள் இடறி விழும் வசதிகளைப் பூட்டிவைத்த ஒரு வேர்ட் பிராசசரைக் கொடுத்துப் பார்த்தார். அதில் பழகியவர்கள் சீக்கிரம் வேலையில் இறங்கினார்கள், பிழையைச் சரிசெய்வதில் குறைவான நேரமே செலவழித்தார்கள். 1984-லேயே வெளிவந்த முடிவு இது. நம் சென்டர்கள் இன்னும் முதல் வாரத்தில், டேலி கணக்குகளை வகை பிரித்து வைக்கும் 28 குரூப்பையும் ஒப்பிக்க வைக்கின்றன.

உங்களுக்கு ஏழு குரூப் போதும். கடன் வாங்கும் வாடிக்கையாளர் சண்ட்ரி டெட்டார்ஸ், சரக்கு தரும் டீலர் சண்ட்ரி கிரெடிட்டார்ஸ், பிறகு பேங்க் அக்கவுண்ட்ஸ், சேல்ஸ், பர்ச்சேஸ், வரிக்கு டியூட்டீஸ் அண்ட் டாக்ஸஸ், வாடகை, கரண்ட் பில்லுக்கு இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ். முதல் வாரம் எஃப் 8 விற்பனை மட்டும். அது கைக்கு வந்தபின் எஃப் 6 வரவு, எஃப் 9 கொள்முதல், எஃப் 5 பட்டுவாடா. பேங்கில் பணம் கட்டியதும் எடுத்ததும் எஃப் 4. பணம் கைமாறாமல் கணக்கைச் சரிக்கட்டும் ஜர்னலுக்கு எஃப் 7, அது கடைசியில்.

இடறும் இடங்கள் சில இருக்கின்றன. பதிவைத் தொடங்கும்போது தேதியைப் பாருங்கள். டேலி கடைசியாகப் போட்ட தேதியிலேயே நிற்கும், எஃப் 2 அழுத்தி மாற்ற வேண்டும். ஆணிக்கு யூனிட் கிலோ என்று உண்டாக்கும்போது டெசிமல் இடத்தில் 3 போடுங்கள். பூஜ்யமாக விட்டால் இரண்டரைக் கிலோ ஏறாது. கடன் வசூலை எஃப் 6-ல் போடும்போது 'ஆன் அக்கவுண்ட்' என்று விட்டுவிடாமல் 'அகெயின்ஸ்ட் ரெஃப்' கொடுத்து எந்த பில்லுக்கு வந்த பணம் என்று காட்டுங்கள். காட்டாவிட்டால் பணம் கொடுத்தவரின் பில்லும் பாக்கிப் பட்டியலில் அப்படியே நிற்கும், போன் செய்து கேட்டு வருத்தம் வாங்குவீர்கள்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை இரட்டை லெட்ஜர், அதாவது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. பதிவின் நடுவில் ஆல்ட்டும் சி-யும் அழுத்தினால் புதுக் கணக்குத் திறக்கும். வசதிதான். ஆனால் முருகன் ஸ்டோர் என்று ஏற்கெனவே இருப்பதைக் கவனிக்காமல் முருகன் ஸ்டோர்ஸ் என்று இன்னொன்று திறந்தால் பில் ஒன்றிலும் வரவு மற்றொன்றிலும் போய் உட்காரும். முதல் நாலு எழுத்தைத் தட்டி, பட்டியலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்த பிறகே புதிதாகத் திறங்கள்.

மகன் சொல்லும் யூடியூபைப் பார்க்கலாம், 2020 நவம்பரில் வந்த டேலி பிரைமுக்கான வீடியோவாக இருந்தால். அதற்கு முந்தைய ஈஆர்பி 9 வீடியோவில், விற்ற சரக்கு திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டுக்கு கண்ட்ரோல் எஃப் 8 என்பார்கள். பிரைமில் அது ஆல்ட் எஃப் 6. மெனுக்களும் இடம் மாறிவிட்டன. உங்கள் திரையில் அது வராததால் உங்களுக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

போன் வரும். "மேடம், உங்க டேலி எக்ஸ்பைர் ஆயிடுச்சு, இன்னைக்குக் கட்டலைன்னா டேட்டா லாக் ஆயிடும்" என்பார்கள். அவர்கள் சொல்வது டிஎஸ்எஸ் (டேலி சாஃப்ட்வேர் சர்வீசஸ்) சந்தா. அது முடிந்தால் புதிய வெர்ஷனும் ஆன்லைன் வசதிகளும்தான் நிற்கும். நிரந்தர லைசென்ஸ் வாங்கியவர்களுக்குக் கணக்கு எழுதுவது நிற்காது, டேட்டாவும் பூட்டாது. புதுப்பிப்பது நல்லதுதான், மிரட்டலுக்குப் பயந்து கட்டாதீர்கள். கிராக் வெர்ஷன் போட்டுத் தருகிறேன் என்பவரைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். ரிமோட்டில் வந்து சரிசெய்கிறேன் என்பவர் வேலை முடித்ததும், அவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வரப் பயன்படுத்திய எனி டெஸ்க் போன்ற செயலியை நீங்களே மூடுங்கள்.

ஒரு விலக்கு மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடை பிரைவேட் லிமிடெட் என்றால், தப்பான பதிவை அழித்து மறுபடி போடுவது சாதாரண விஷயமல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எதை, எப்போது மாற்றினோம் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கக் கூடாது. ஆடிட்டர் அறிக்கையில் அது வரும். டேலியில் இதற்கு எடிட் லாக் வெர்ஷன் இருக்கிறது. போர்டில் 'அண்ட் கோ' என்று எழுதியிருப்பதால் கம்பெனி ஆகிவிடாது. டேலியே உங்கள் கடையை 'கம்பெனி' என்றுதான் சொல்லும், அதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுச் சான்றில் 'கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் பிசினஸ்' என்ற வரியைப் பாருங்கள். புரொப்ரைட்டர்ஷிப், பார்ட்னர்ஷிப் என்றிருந்தால் இந்த விதி உங்களுக்கு இல்லை. ஆனாலும் ரிட்டர்னில் போய்விட்ட பில்லைத் திருத்தாதீர்கள், சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போடுங்கள்.

ஒரு மாத பில்லை இப்படி ஏற்றிய பிறகும் சந்தேகம் மிச்சமிருந்தால், அந்தச் சந்தேகங்களை எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் சொல்லித் தருபவரைத் தேடுங்கள், உங்கள் பில்லை வைத்தே சொல்லித் தரச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் 22-ல் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, டேலியில் எப்படி மாற்றுவது? ஸ்டாக் அயிட்டத்தில் அந்தத் தேதியைப் போட்டுப் புது விகிதத்தைச் சேர்க்க வேண்டும், பழையது பழைய பில்களுக்காக அப்படியே இருக்க வேண்டும் என்பவர் விஷயம் தெரிந்தவர். 28-ஐ அழித்துவிட்டு 18 அடிங்க என்பவரிடம் படிக்காதீர்கள்.