பவளத்தின் திசு உரிவதை எப்படிக் கண்டறிந்து நிறுத்துவது?

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள வீட்டுக் கடல்நீர்த் தொட்டியிலுள்ள அக்ரோபோரா என்ற கிளைவிடும் பவளம் அடியிலிருந்து வெள்ளையாகி வருகிறது, இது வெளிறலா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஓர் உருப்பெருக்கியால் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். வெளிறிய பவளத்தில் உள்ளுறையும் பாசி மட்டுமே வெளியேறியிருக்கும். கண்ணாடி போன்ற திசு எலும்பின்மேல் அப்படியே இருக்கும். மாறாக, வெறும் சுண்ணாம்பு எலும்பு தெரிந்து, அதன் விளிம்பில் திசு நனைந்த தாள்போல் கிழிந்து தொங்கினால், அது திசு இழப்பு.

சில மணி நேரத்திலேயே கிளை முழுவதும் உரிந்தால் விரைவு வகை. நாள்கணக்கில் ஊர்ந்து ஏறினால் மெதுவான வகை. பின்னதற்கு நான் முதலில் சந்தேகிப்பது காரத்தன்மையின் ஏற்ற இறக்கத்தை. 7 முதல் 9 டிகேஎச்சுக்குள் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு) எந்த அளவானாலும் அது நிலையாக இருப்பதே முக்கியம். அடுத்தது வெப்பம்: வேலைக்குப் போகும்போது ஏர்கானை அணைத்துவிடும் நம் வீடுகளில், சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி பிற்பகலில் 30 பாகையை எளிதாகத் தொட்டுவிடும். அடித்தண்டில் வட்டக் கடித்தடங்களும் பழுப்பு முட்டைகளும் இருந்தால் குற்றவாளி நீரன்று, தட்டைப்புழு.

உரிதல் நிற்காவிட்டால், விளிம்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, நலமான திசுவிலேயே கிளையை வெட்டி, பவளத்துக்கான அயோடின் கரைசலில் அதன் பயன்பாட்டுக் குறிப்பிலுள்ள நேரம் மட்டும் நனைத்து, நீரோட்டமுள்ள வேறிடத்தில் ஒட்டுங்கள். விரைவு வகையில் காத்திருக்கவே வேண்டாம், உடனே வெட்டுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியைத் தொட்டியிலேயே ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன்; அது வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடக்கூடும்.