துப்ரோவ்னிக் மதிலும் அம்மாவின் முட்டி வலியும்

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு குரோஷியா போகிறோம். ஸ்பிளிட்டிலிருந்து கார் எடுத்து துப்ரோவ்னிக் வந்து இரண்டு நாள் தங்குவோம். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. கோட்டை மதிலில் அவரை ஏற்றலாமா? பழைய நகருக்குள்ளேயே அறை எடுப்பது நல்லதா?

பதில்: இரண்டுக்குமே வேண்டாம் என்பேன்.

முதலில் அறை. பழைய நகரில் சமதளம் என்று சொல்லத்தக்கது ஸ்திராதூன் என்ற நடுவீதியும் அதை ஒட்டிய சில சதுக்கங்களும்தான். வடக்கே திரும்பினால் சந்துகள் படிகளாகவே மேலேறும். ‘ஸ்திராதூனிலிருந்து இரண்டே நிமிடம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு நிமிடமும் படியாக இருக்கும். காரும் உள்ளே வராது, பெட்டியை நீங்களேதான் தூக்க வேண்டும். லாபாட் பகுதியில் தங்குங்கள். கடலோரம் சமமான நடைபாதை உண்டு, 6ஆம் எண் பஸ் நேரே பழைய நகரின் மேற்கு நுழைவாயிலான பிலே வாசலுக்கு வரும்.

அடுத்து மதில். சுற்றளவு 1,940 மீட்டர், நிழல் கிடையாது, எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். இடையில் இறங்கும் வழிகளும் மிகக் குறைவு. நடுவழியில் முட்டி மக்கர் செய்தால் திரும்பி வர முடியாது. அம்மாவைக் கீழே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் காலை 8 மணிக்குத் திறந்ததும் ஏறிவிடுங்கள். கூட்டம் மொய்க்கும் பிலே வாசலை விட்டு, கிழக்கே ப்ளோசே பக்கம் ஏறுவது என் வழக்கம். மிக உயரமான மிஞ்செத்தா கோபுரத்தின் ஏற்றம் வெயிலுக்கு முன்பே முடிந்துவிடும், கடைசியில் கடலோரப் பகுதி மிஞ்சும். பத்து மணிக்கு மேல் சொகுசுக் கப்பல் பயணிகள் வந்து குவிவார்கள்.

சீசனில் மதில் டிக்கெட் தலைக்கு ஏறத்தாழ 40 யூரோ. ஒரு நாள் துப்ரோவ்னிக் பாஸும் கிட்டத்தட்ட அதே விலைதான். அதில் மதிலோடு பஸ்ஸும் ரெக்டர் மாளிகையும் அடக்கம் என்பதால், மதிலுக்கு மட்டும் தனி டிக்கெட் ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மேலிருந்து கூரைகளைக் கவனியுங்கள். பளிச்சென்ற ஓடுகள் பெரும்பாலும் 1991-92 முற்றுகைக் குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை, வெளிறியவை தப்பிப் பிழைத்தவை.

அந்த நேரத்தில் அம்மா சும்மா இருக்க வேண்டியதில்லை. குண்டுலிச் சதுக்கத்தில் காலைச் சந்தை நடக்கும். பிரான்சிஸ்கன் மடத்தில் 1317இல் தொடங்கிய மருந்துக் கடை இருக்கிறது. இரண்டுக்கும் சமதளத்திலேயே போய்விடலாம். ஸ்திராதூனின் கல் மட்டும் தேய்ந்து கண்ணாடிபோல வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். நகரை மேலிருந்து பார்க்கிற ஆசையைச் சாயங்காலம் கேபிள் கார் தீர்த்துவைக்கும். 412 மீட்டர் உயர ஸ்ர்ஜ் மலைக்கு அம்மா உட்காராமலே போனாலும் சில நிமிடம்தான். கேபிள் கார் நிலையம்வரை டாக்ஸி பிடியுங்கள், பழைய நகரிலிருந்து அதற்கு ஏறுவதே ஒரு தண்டனை.

நீங்கள் கேட்காத ஒன்று. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. போஸ்னியா அதில் இல்லை. ஸ்பிளிட்டிலிருந்து வரும் பழைய கடலோரச் சாலை நியூம் ஊரில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வரும். இந்திய பாஸ்போர்ட்டில் ஒற்றை நுழைவு விசா வைத்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். போஸ்னியாவைத் தொடாமல் வர, 2022இல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகவே வாருங்கள். மேப் வேறு வழி காட்டினாலும் கேட்காதீர்கள்.